சூடும் அழுத்தமும் கரைதிறனை மாற்றும் விதம்: கணக்கோடும் செய்முறையோடும் ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி மாவட்டத்தில் இரண்டு தொழில்கள் அருகருகே நடக்கின்றன. உப்பளங்களில் கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்திகளில் நிறுத்தி, வெயிலில் வற்றவிட்டு உப்பு எடுக்கிறார்கள். உடன்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்திருந்து பனங்கற்கண்டு எடுக்கிறார்கள். உப்புக்குத் தண்ணீர் போக வேண்டும். கற்கண்டுக்குச் சூடு போக வேண்டும். கொதிக்கும் உவர்நீரை ஆறவைத்து உப்பு எடுக்க நினைத்தால் கைக்கு ஏறக்குறைய ஒன்றும் வராது. அதே பதநீர்க் கலயத்தின் உட்புறம் புளிக்காமலிருக்கத் தடவுகிறார்களே சுண்ணாம்பு, அது இந்த இரண்டுக்கும் நேரெதிர்: தண்ணீர் சூடாகச் சூடாகக் குறைவாகக் கரையும்.

ஆக, 'சூடாக்கினால் அதிகம் கரையும்' என்று நாம் மனப்பாடம் செய்த வரி இந்த மூன்றில் கற்கண்டுக்கு மட்டுமே முழுதாகப் பொருந்துகிறது. அந்த வரியை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கரையும்போது வெப்பம் உள்ளே இழுக்கப்படுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா? இரண்டு, கரைந்த பிறகு மொத்தக் கன அளவு குறைகிறதா? முதல் கேள்வி வெப்பநிலையின் விளைவைச் சொல்லிவிடும். இரண்டாவது அழுத்தத்தின் விளைவைச் சொல்லிவிடும்.

படி 1: வேகத்தையும் அளவையும் பிரித்துப் பாருங்கள்

கரைதிறன் என்பது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் கரைப்பானில் அதிகபட்சமாகக் கரையக்கூடிய பொருளின் எடை. அந்த எல்லையைத் தொட்ட கரைசல் தெவிட்டிய கரைசல். அடியில் கரையாத பொருள் கொஞ்சம் தங்கியிருந்து, அது கூடாமலும் குறையாமலும் இருந்தால் கரைசல் தெவிட்டிவிட்டது என்று நம்பலாம்.

இங்கே பலர் வழுக்குகிறார்கள். கற்கண்டைப் பொடித்துப் போட்டாலும், கரண்டியால் விடாமல் கலக்கினாலும் சீக்கிரம் கரையும். ஆனால் கூடுதலாகக் கரையாது. பொடிப்பதும் கலக்குவதும் வேகத்தை மட்டுமே மாற்றும். வெப்பநிலை வேகத்தையும் மாற்றும், எல்லையையும் மாற்றும். 'சூடான பாலில் சர்க்கரை நன்றாகக் கரைகிறது' என்று சொல்லும்போது நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் வேகம்தான். ஒரு டம்ளர் பாலில் நாம் போடும் இரண்டு கரண்டி சர்க்கரை, எல்லைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

படி 2: வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, இரண்டு கரண்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, டம்ளரை வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும். படிகத்தில் இறுகப் பிணைந்திருக்கும் அயனிகளைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல், அவற்றைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது கிடைக்கும் ஆற்றலைவிட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இது வெப்பங்கொள் கரைதல். சமையல் உப்பைப் போட்டால் வேறுபாடு கைக்குத் தெரியவே தெரியாது. அதில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமம்.

பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் 1884-இல் சொன்ன தத்துவம் இங்கே நேராகப் பயன்படுகிறது. சமநிலையில் இருக்கும் ஓர் அமைப்பின்மேல் மாற்றத்தைத் திணித்தால், அந்த மாற்றத்தைத் தணிக்கும் பக்கமாக அது நகரும். தெவிட்டிய கரைசலைச் சூடாக்குகிறீர்கள். வெப்பத்தை உள்வாங்கும் பக்கம் எதுவோ அந்தப் பக்கம் நகரும். கரைதல் வெப்பங்கொள் நிகழ்வு என்றால் மேலும் கரையும். வெப்பத்தை உமிழும் நிகழ்வு என்றால், கரைந்தது திரும்பப் படியும். வெப்பம் ஏறக்குறையச் சுழி என்றால் பெரிய மாற்றம் இராது.

பாடநூல்கள் சொல்லாமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் போட்டால் பாத்திரமே கொதிப்பேறும். அவ்வளவு வெப்பம் வெளிவரும். அப்படியானால் சூட்டில் அதன் கரைதிறன் குறைய வேண்டுமே? குறைவதில்லை, கூடுகிறது. காரணம், நாம் பார்க்க வேண்டியது வெறும் தண்ணீரில் முதல் கட்டி கரையும்போது வரும் வெப்பத்தை அன்று. ஏறக்குறையத் தெவிட்டிய கரைசலில் கடைசித் துணுக்கு கரையும்போது நடப்பதை. தெவிட்டிய நிலையில் கரைசலோடு சமநிலையில் இருப்பது, தண்ணீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட வேறொரு படிகம். அது கரையும்போது வெப்பத்தை உள்வாங்குகிறது. டம்ளரைத் தொட்டுப் பார்க்கும் சோதனை நல்ல வழிகாட்டி; ஆனால் இறுதித் தீர்ப்பு அதனுடையதன்று.

படி 3: அட்டவணையைச் சரிவாக வாசியுங்கள்

100 கிராம் தண்ணீரில் கரையும் அளவு, கிராமில் (ஏறத்தாழ, நூலுக்கு நூல் சிறிது மாறும்):

| பொருள் | 0 டிகிரி | 20 டிகிரி | 60 டிகிரி | 100 டிகிரி |
|---|---|---|---|---|
| சர்க்கரை | 180 | 203 | 288 | 480 |
| வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) | 13 | 32 | 110 | 246 |
| சமையல் உப்பு | 35.7 | 35.9 | 37 | 39 |
| நீற்றிய சுண்ணாம்பு | 0.19 | 0.17 | 0.12 | 0.07 |

தனித்தனி எண்களைவிட, இடமிருந்து வலமாக எண் ஏறும் சரிவுதான் முக்கியம். சமையல் உப்பின் வரி படுத்துக் கிடக்கிறது. 60 டிகிரியில் தெவிட்டிய உவர்நீரை 30 டிகிரிக்கு ஆறவைத்தால், 100 கிராம் தண்ணீருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 கிராம் உப்பு. அதனால்தான் உப்பளத்தில் வெயிலும் காற்றும் வேண்டும், வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். அங்கே நடப்பதும் வெறும் வற்றவைத்தல் அன்று. உவர்நீர் செறிவு ஏற ஏற முதலில் கால்சியம் கார்பனேட் படியும், பிறகு ஜிப்சம் படியும், ஏறத்தாழ 25 டிகிரி போமேயில் (போமே என்பது உவர்நீரின் செறிவைக் காட்டும் அளவுகோல், வெப்பநிலை அன்று) உப்பு விழத் தொடங்கும். ஏறத்தாழ 29, 30 போமேக்கு மேல் விட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பேறும் என்பதால், மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவார்கள். ஒவ்வொரு பொருளும் தன்தன் கரைதிறன் எல்லை வந்ததும் வரிசையில் இறங்கிப் போகிறது. பாத்திகளைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருப்பதே இதற்காகத்தான்.

சர்க்கரைக்குச் சரிவு செங்குத்து. கொதிநிலைக்கு அருகில் தெவிட்டிய பாகு 30 டிகிரிக்கு வரும்போது, 100 கிராம் தண்ணீருக்கு 260 கிராம் அளவுக்குச் சர்க்கரை கரைசலில் இருக்க இடமின்றிப் போகிறது. அந்த உபரிதான் நூலில் கற்கண்டாக ஏறுகிறது.

சர்க்கரையைப் போலவே வெடியுப்பின் சரிவும் செங்குத்து. சமையல் உப்போடு அதற்குள்ள இந்த வேறுபாட்டை ஒரே பாத்திரத்தில் பயன்படுத்தலாம். பீகாரில் மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது. மண்ணிலிருந்து வருவதால் அதில் சமையல் உப்பு கலந்திருக்கும். அதை நீக்கும் வழி இதுதான். 100 கிராம் வெடியுப்பும் 10 கிராம் சமையல் உப்பும் கலந்த கலவையை 100 கிராம் வெந்நீரில், 80 டிகிரியில், முழுதாகக் கரையுங்கள். 20 டிகிரிக்கு ஆறவையுங்கள். அந்தச் சூட்டில் 32 கிராம் வெடியுப்புதான் நிற்க முடியும். மீதி 68 கிராம் படிகமாகிவிடும். சமையல் உப்புக்கோ 36 கிராம் வரை இடமிருக்கிறது, இருப்பது 10 கிராம். அது கரைசலிலேயே தங்கிவிடும். வடிகட்டினால் தூய வெடியுப்பு கையில். இரண்டும் சேர்ந்திருக்கும்போது எண்கள் சற்று மாறும் என்றாலும் முறை மாறாது. மருந்துத் தொழிற்சாலைகளில் இன்றும் நடக்கும் மறுபடிகமாக்கல், இதே கணக்கு.

படி 4: படிகாரத்தில் செய்து பாருங்கள்

வீட்டில் செய்ய வெடியுப்பு வேண்டாம், படிகாரம் போதும். சவரத்துக்குப் பயன்படுத்தும், கண்ணாடிபோல் தெளிந்த கட்டியாக வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தெளியவைக்கப் பலகையாக விற்கும் மங்கலான கட்டி பெரும்பாலும் அலுமினியம் சல்ஃபேட். அதில் அழகான படிகம் வராது.

படிகாரக் கட்டியாக எடைபோட்டால், 100 கிராம் தண்ணீரில் 30 டிகிரியில் ஏறத்தாழ 17 கிராமும், 60 டிகிரியில் ஏறத்தாழ 57 கிராமும் கரையும். 100 மில்லி லிட்டர் தண்ணீரை 65 டிகிரிக்குச் சூடாக்கி, 50 கிராம் பொடித்த படிகாரத்தைப் போட்டு முழுதாகக் கரையுங்கள். சூடு குறையாமல் துணியில் வடிகட்டி, சுத்தமான கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். கணக்குப்படி அறை வெப்பநிலைக்கு வரும்போது 33 கிராம் அளவுக்கு வெளியே வர வேண்டும்.

குவளையைப் பனிக்கட்டியில் வைத்து விரைவாக ஆறவைத்தால் சர்க்கரைத் தூள் போல் பொடிப்பொடியாக விழும். துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்து மெதுவாக ஆறவிட்டால், எட்டு முகங்கள் கொண்ட பெரிய படிகங்கள் வரும். மெதுவாக ஆறும்போது கரைசல் சில சமயம் எல்லையைத் தாண்டியும் அமைதியாகவே நிற்கும். அதுதான் அதிதெவிட்டிய கரைசல். ஒரு மணியளவு படிகாரத் துணுக்கைப் போடுங்கள்; அதைப் பற்றிக்கொண்டு உபரி முழுவதும் இறங்கத் தொடங்கும். கற்கண்டுக்கு நூல் கட்டுவதும் படிகம் பற்றி வளர ஓர் இடம் கொடுக்கத்தான். விளைந்த படிகங்களை உலர்த்தி எடைபோட்டு 33 கிராமோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், பெரும்பாலும் இன்னும் முழுதாகப் படியவில்லை என்று பொருள். ஓர் இரவு விட்டு மீண்டும் பாருங்கள்.

படி 5: சுண்ணாம்பில் தலைகீழாகப் பாருங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி நீற்றிய சுண்ணாம்பைப் போட்டுக் குலுக்கி, மூடி, ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவு நீரை அசைக்காமல் ஒரு கண்ணாடி முகவையில் இறக்குங்கள். கண்ணில் படக் கூடாது, காரமானது. மூடிவைத்து மெல்லிய தீயில் சூடாக்குங்கள். கொதிக்கும் முன்பே, தெளிந்த நீரில் வெண்மை ஓடுவதைக் காண்பீர்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 1.7 கிராம் தாங்கிய நீர், கொதிநிலையில் 0.7 கிராம்தான் தாங்கும். மீதி நுண்துகளாக வெளிவருகிறது.

'காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டும் சுண்ணாம்பு நீர் வெண்மையாகுமே, இது அதுதானோ' என்று கேட்டால், கேட்க வேண்டிய கேள்விதான். மூடியபடியே ஆறவையுங்கள். சூட்டால் பிரிந்த சுண்ணாம்பு மெல்ல மீண்டும் கரையும். கார்பனேட் கரையாமல் நிற்கும்.

வாட்டர் ஹீட்டர் கம்பியில் பிடிக்கும் வெள்ளைப் படிவுக்கும் இதற்கும் பாதி உறவு உண்டு. கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூட்டில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கார்பனேட்டாகிவிடுகிறது, அது வேதிவினை. கூடவே, மிகுந்த சூட்டில் கரைதிறன் குறையும் கால்சியம் சல்ஃபேட்டும் படிகிறது. அது சுண்ணாம்பு நீரின் கதை. படிவு எப்போதும் சூடு அதிகமுள்ள பரப்பில், அதாவது கம்பியின் மேலேயே பிடிப்பதன் காரணம் இதுதான்.

சோடியம் சல்ஃபேட் இரண்டு குணத்தையும் காட்டும். 32.4 டிகிரி வரை கரைதிறன் வேகமாக ஏறி, 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தொடும். அதற்கு மேல் மெல்லக் குறையும். அந்த வெப்பநிலையில் அடியில் தங்கும் படிகமே மாறுகிறது: கீழே, பத்துத் தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த படிகம், மேலே, நீரற்றது. படிகம் மாறினால் வெப்பம் போகும் திசையும் மாறும்.

படி 6: வாயுக்கள்

வாயு மூலக்கூறுகளைப் பிரிக்கச் செலவு இல்லை. அவை ஏற்கெனவே பிரிந்தே திரிகின்றன. தண்ணீருக்குள் அடங்கும்போது வெப்பத்தை விடுகின்றன. ஆகவே நம் அன்றாட வெப்பநிலைகளில், சூடு ஏறினால் வாயுவின் கரைதிறன் குறையும். காற்றோடு தொடர்பிலுள்ள நன்னீரில், கடல் மட்டத்தில், கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம், 20-இல் 9.1, 30-இல் 7.6, 35-இல் 6.9.

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரச் சுவரில் ஒட்டும் சிறு குமிழிகள் நீராவி அல்ல, வெளியேறும் காற்று. கொதிக்கும்போது எஞ்சிய காற்றும் போய்விடுகிறது. தண்ணீரின் மேலே நீராவி மட்டுமே நிறைந்து காற்றின் பகுதி அழுத்தம் (வாயுக் கலவையில் ஒரு வாயு மட்டும் தன் பங்காகத் தரும் அழுத்தம்) இல்லாமல் போவதும் அதற்குக் காரணம். இதில் வெப்பத்தோடு அழுத்தமும் நுழைந்துவிட்டது.

படி 7: அழுத்தம்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு லிட்டர் வாயு தண்ணீரில் கரைந்தால் அது பிடித்திருந்த இடம் ஏறக்குறைய முழுதும் மிச்சம். அழுத்தம் கூடினால், இடம் குறையும் பக்கமாக, அதாவது கரையும் பக்கமாக நகரும். மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803-இல் இதை அளந்து சொன்னார்: வெப்பநிலை மாறாதபோது, கரையும் வாயுவின் அளவு அந்த வாயுவின் பகுதி அழுத்தத்துக்கு நேர்விகிதம். தண்ணீரோடு வினைபுரியும் அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு போன்றவை இந்த விதிக்குள் ஒழுங்காக நிற்பதில்லை.

கோலி சோடாவில் கணக்குப் போடுவோம். 25 டிகிரியில் 1 வளிமண்டல அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு ஏறத்தாழ 1.45 கிராம் கரையும். பாட்டிலுக்குள் 4 வளிமண்டல அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் 5.8 கிராம். கோலியைத் தட்டி உள்ளே தள்ளிய நொடியில் அழுத்தம் இறங்குகிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 0.0004 அளவுதான். சோடாவை அப்படியே விட்டுவைத்தால் கடைசியில் நிற்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. பிரிட்டனைச் சேர்ந்த ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற இந்தப் பாட்டிலின் நுட்பம், கரையாமல் மேலே தங்கும் வாயுவையே காவலுக்கு வைப்பது: அந்த அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது. வெயிலில் வைத்த பாட்டில் ஆபத்தானது. 5 டிகிரியில் லிட்டருக்கு 2.8 கிராம் கரையும் வாயு, 40 டிகிரியில் 1 கிராம்தான் கரையும். வெளியேறும் வாயு மூடிய பாட்டிலுக்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். குளிரவைத்துத் திறந்தால் பொங்கல் குறைவதும் இதனால்தான்.

மனித உடலிலும் இதே விதி. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 மடங்கு. அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் முக்குளிப்பவரின் திசுக்களில் நைட்ரஜனும் காலப்போக்கில் 4 மடங்குவரை கரையும். சடாரென்று மேலே வந்தால் அது குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் அடைக்கும். உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் முக்குளிப்பவர்களுக்காக வகுத்த அட்டவணைகள் படிப்படியாக ஏறச் சொல்வது, கரைந்ததை நுரையீரல் வழியாக மெல்ல வெளியேற்ற நேரம் கொடுக்கத்தான்.

இந்த விதியின் கொடிய முகம் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியில் தெரிந்தது. 200 மீட்டருக்கும் மேல் ஆழமான அந்த ஏரியின் அடியில், எரிமலை நிலத்திலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடு 20 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கரைந்து சேர்ந்துகொண்டே இருந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு அடிநீர் ஏதோ ஒரு கலக்கத்தால் மேலெழுந்தது. மேலே வந்த நீரில் அழுத்தம் குறைந்தது, வாயு பிரிந்தது, குமிழிகள் இன்னும் நீரை மேலே இழுத்தன. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்குகளில் படர்ந்து 1,700-க்கும் மேற்பட்டவர்களை மூச்சடைத்துக் கொன்றது. 2001-இல் அடிவரை குழாய் இறக்கினார்கள். முதலில் கொஞ்சம் நீரைப் பம்ப் மூலம் இழுத்தால் போதும். பிறகு பிரியும் வாயுவே நீரைத் தூக்க, குழாய் தானாகவே பீறிடும். ஊரை அழித்த அதே இயக்கத்தை ஒரு குழாய்க்குள் அடக்கிய இந்த வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

திடப்பொருள்களுக்கும் நீர்மங்களுக்கும் கரையும்போது கன அளவு மாற்றம் மிகச் சிறிது. சமையலறை அளவில் அழுத்தத்தை மறந்துவிடலாம். பிரஷர் குக்கரில் உப்பு கூடுதலாகக் கரைகிறது என்றால் அது சூட்டின் வேலை. ஆழ்கடல் மட்டும் விலக்கு: ஏறத்தாழ 4, 5 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே அழுத்தம், குளிர், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் சேர்ந்து, மேலிருந்து விழும் சுண்ணாம்பு ஓடுகளைக் கரைத்துவிடுகின்றன.

படி 8: இரண்டும் சேர்ந்து வரும்போது

ஊட்டியில் 15 டிகிரி நீரோடையும், சென்னையில் 30 டிகிரிக் குளமும் இருக்கின்றன. எதில் ஆக்சிஜனுக்கு இடம் அதிகம்? கடல் மட்டத்தில் 15 டிகிரி நீர் லிட்டருக்கு 10.1 மில்லிகிராம் தாங்கும். ஆனால் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் 76, 77 விழுக்காடுதான். பெருக்கினால் 7.7. சென்னைக் குளம் 7.6. குளிர் கொடுத்ததை உயரம் எடுத்துக்கொண்டது. வெப்பநிலையை மட்டும் பார்த்தவர் இங்கே ஏமாறுவார். முதலில் வெப்பநிலைக்குரிய எண், பிறகு அழுத்த விகிதத்தால் பெருக்கல், இதுதான் ஒழுங்கு.

இந்த எண்கள் எல்லைகள் மட்டுமே. பாசி படர்ந்த குளத்தில் இரவு முழுவதும் பாசியும் மீனும் சேர்ந்து சுவாசிப்பதால், விடியற்காலையில் உண்மையான அளவு எல்லைக்கு வெகு கீழே போய்விடும். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பது அந்நேரம்தான். துடுப்புச் சக்கர ஏரேட்டர் அந்தக் குறையை நிரப்பும். காற்றையே கலக்குவதால் எல்லையைத் தாண்டி ஏற்றாது.

எல்லையையே உயர்த்த வேண்டுமானால் பகுதி அழுத்தத்தை மாற்ற வேண்டும். மீன்குஞ்சு ஏற்றிச் செல்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மீதியிடத்தில் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிக் கட்டுவார்கள். காற்றில் 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் இப்போது முழுவதும். 30 டிகிரியில் 7.6 ஆக இருந்த எல்லை லிட்டருக்கு ஏறத்தாழ 36 மில்லிகிராமாக உயர்கிறது. இரவிலோ அதிகாலையிலோ வண்டியை எடுத்தால் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். எல்லை இன்னும் கூடும், குஞ்சுகளின் மூச்சுத் தேவையும் குறையும். போய்ச் சேர்ந்ததும் பையை உடனே அவிழ்க்காமல், குளத்து நீரில் 15 முதல் 30 நிமிடம் மிதக்கவிட்டு, இரண்டு நீரின் வெப்பநிலையும் ஒன்றான பிறகு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டுக் குஞ்சுகளை இறக்குங்கள்.